இல்லாத நாற்றத்துக்கு ஒரு வைத்தியம்

போன மாதம் நான் வேலை செய்த பல் கிளினிக்கிலிருந்து யோகேஸ் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்றதும் என் இடத்துக்கு வந்த உதவியாளர் அவள். புதிதாக ஒரு கருவி வாங்கியிருக்கிறார்களாம். கைப்பேசி அளவுதான் இருக்கும். அதில் ஊதினால், மூச்சில் எவ்வளவு நாற்றம் இருக்கிறது என்று எண்ணாகக் காட்டிவிடும். முதல் வாரமே ஒருவர் வந்து ஊதியிருக்கிறார். ஒன்றுமில்லை என்று கருவி காட்டியிருக்கிறது. மனுஷன் சந்தோஷப்படுவார் என்று இவர்கள் சிரித்தபடி நிற்க, அவர் முகம் சிவந்து, "மெஷின் கெட்டுப்போச்சு, உங்களுக்கு அதுகூடத் தெரியல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாராம்.

"லலிதாக்கா, இருக்குன்னு சொன்னா அழறாங்க, சரி. இல்லன்னு சொன்னதுக்கு ஏன்க்கா கோவம் வருது?" என்று கேட்டாள்.

தொலைபேசியில் சொல்லி முடிகிற பதிலாக அது இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இருபத்தெட்டு வருடம் கிள்ளான் நகரில் டாக்டர் மும்தாஜிடம் வேலை செய்தேன். கேரி தீவில் எஸ்டேட் வீட்டில் பிறந்து, ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, ஒரு தொழிற்சாலையில் கொஞ்ச நாள் டப்பாக்களுக்கு மூடி போட்டுவிட்டு, பேப்பரில் விளம்பரம் பார்த்து வந்தவள் நான். எந்த இடுக்கியை எப்போது நீட்ட வேண்டும், எச்சிலை உறிஞ்சும் குழாயைக் கன்னத்தில் எங்கே பிடிக்க வேண்டும், கருவிகளை எத்தனை நிமிடம் கொதிகலத்தில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிட்டது. மூக்குக்குப் பயிற்சி வர மூன்று வருடம் ஆனது.

டாக்டர் மும்தாஜ் கிள்ளானின் லிட்டில் இந்தியா கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். குள்ளமான உருவம், முக்காடு எப்போதும் வெளிர் நிறத்தில்தான் இருக்கும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பல் வலி, ஈறு வீக்கம் என்று வருகிறவர்களை எல்லா டாக்டரும் பார்ப்பார்கள். வாய் நாற்றம் என்று வருகிறவர்களுக்கு இவர் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குவார். "பல்லு வலின்னு வர்றவங்க சத்தமா சொல்லிக்கிட்டு வருவாங்க. இது அப்படி இல்ல. இந்தக் கதவு வரைக்கும் வர்றதுக்கே அவங்களுக்கு ரெண்டு வருஷம் ஆயிருக்கும்" என்பார்.

அந்தச் சோதனைக்கு அவர் வைத்திருந்த முறையை விவரமாகச் சொல்ல வேண்டும். காலை ஒன்பது மணிக்கு முதல் ஆளாக வரவேண்டும். முதல் நாள் பூண்டு, பச்சை வெங்காயம், வாடையடிக்கும் பெத்தாய்க் கொட்டை, டுரியான் பழம் எதுவும் கூடாது. காலையில் பல் துலக்காமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் வரவேண்டும். இது நோயாளிக்கு. எங்களுக்கும் விதி உண்டு. காப்பி கூடாது, சென்ட் கூடாது, முகத்துக்குப் பவுடர்கூடக் கூடாது. நான் வெள்ளிக்கிழமை தலையில் மல்லிகை வைப்பவள். பூவை எடு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தச் சோதனையை வெள்ளிக்கிழமையில் வைப்பதையே நிறுத்திவிட்டார். காரணத்தை என்னிடம் சொல்லவும் இல்லை. ஒரு வருடம் கழித்து அப்பாயின்ட்மென்ட் புத்தகத்தைப் புரட்டியபோது நானாகத்தான் கண்டுபிடித்தேன்.

நோயாளி நாற்காலியில் உட்கார்ந்ததும் இரண்டு நிமிடம் வாயை மூடி மூக்கால் மூச்சு விடச் சொல்வார். பிறகு வாயைத் திறந்து மெதுவாக மூச்சை விட வேண்டும். டாக்டர் ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து மோந்து பார்ப்பார். அப்புறம் வாயை மூடச் சொல்லி, ஒவ்வொரு மூக்குத் துவாரமாக விடச் சொல்வார். வாய் மூச்சில் வாடை இருந்து, மூக்கு மூச்சில் இல்லையென்றால் வேர் வாயில்தான். மூக்கிலும் இருந்தால் வேறு இடம் தேட வேண்டும். அடுத்து ஒரு சின்ன பிளாஸ்டிக் கரண்டியால் நாக்கின் பின்பக்கத்தைச் சுரண்டி, சில விநாடி விட்டு அந்தக் கரண்டியை மோந்து பார்ப்பார். பல்லிடுக்கில் நூலை விட்டு எடுத்து அதையும் பார்ப்பார். டாக்டர் முடித்ததும் நான் அதே வரிசையில் எல்லாவற்றையும் செய்வேன். இருவரும் தனித்தனித் தாளில் பூஜ்யத்திலிருந்து ஐந்துக்குள் எண் எழுதி மடித்து வைப்போம். அவர் எழுதியதை நான் பார்க்கக்கூடாது, நான் எழுதியதை அவர் பார்க்கக்கூடாது. ஒரு மூக்கு தப்பலாம், இரண்டு மூக்கும் ஒரே மாதிரி தப்பாது என்பது அவர் கணக்கு.

பெரும்பாலும் நாக்கின் பின்பகுதி, இல்லாவிட்டால் ஈறு. சில பேருக்குத் தொண்டைச் சதையில் சேரும் வெள்ளைக் கட்டி. ஒருமுறை ஒரு லோரி ஓட்டுநர் வந்தார். ஓயாத தாகம், களைப்பு என்று சொன்னார். அவர் மூச்சில் அழுகின பழம் மாதிரி ஒரு இனிப்பு வாடை. டாக்டர் வாயைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, அவரை லோரியில் ஏறவிடாமல் வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். தனக்குச் சர்க்கரை இருப்பதே அந்த மனிதருக்கு அன்றுதான் தெரிந்தது.

விஷயத்தைச் சொல்லுவதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. படுக்கை மாதிரி சாய்ந்திருக்கும் நாற்காலியை முதலில் நிமிர்த்துவார். கையுறையைக் கழற்றுவார். முகக்கவசத்தைக் கழற்றுவார். நோயாளியைவிடத் தாழ்வான முக்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு, "இருக்கு. இங்கேருந்து வருது. இதைச் சரி பண்ணலாம்" என்பார். அவ்வளவுதான். கவசத்தை ஏன் கழற்றுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "நான் மூக்கை மூடிக்கிட்டு ஒருத்தர்கிட்ட உங்க வாய் நாறுதுன்னு சொன்னா, அவங்களுக்கு எப்படி இருக்கும்?" என்றார்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தப்பு செய்துதான். புஷ்பா என்று ஒரு பெண் வந்தாள். சேலைக் கடையில் விற்பனைப் பெண். வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று முதலாளி அவளைக் கவுன்டரிலிருந்து எடுத்து, மாடியில் துணி மடிக்கப் போட்டுவிட்டார். அவள் வாயைத் திறந்ததும் வந்த வாடையில் என் தலை தானாக ஒரு இன்ச் பின்னால் போனது. ஒரே ஒரு இன்ச். அவள் கண் என் மேல் இருந்தது.

அவள் போனதும், கருவி கழுவும் அறைக்கு டாக்டர் வந்தார். "லலிதா, அந்தப் பொண்ணு வாயைத் திறந்த நேரம் முழுக்க என்னைப் பார்க்கல. உன்னைத்தான் பார்த்துச்சு" என்றார். அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குப் புஷ்பா வரவில்லை. மறுநாள் மதிய உணவு நேரத்தில் நான் அந்தச் சேலைக் கடைக்குப் போய், மாடியேறி, அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

புஷ்பா மடித்த சேலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "பரவால்ல லா, அக்கா. நீங்க தலையைப் பின்னால இழுத்ததாவது உண்மை. என் கூட்டாளிங்க எல்லாம் 'ஒண்ணும் இல்லடி'ன்னு சொல்லிட்டு, நான் பேச வந்தா போனைப் பார்க்கறாங்க."

அவள் திரும்பி வந்தாள். கடைவாயில் பாதி முளைத்த ஞானப்பல். அதன் மேல் மூடியிருந்த ஈறுக்கு அடியில் சீழ் பிடித்திருந்தது. பல்லை எடுத்த இரண்டு வாரத்தில் வாடை போய்விட்டது. அடுத்த தீபாவளிக்கு நான் சேலை வாங்கப் போனபோது கவுன்டரில் நின்று எனக்கு விரித்துக் காட்டியவள் அவள்தான்.

அதெல்லாம் இருக்கிற நாற்றத்தின் கதை. யோகேஸ் கேட்டது இல்லாத நாற்றத்தைப் பற்றி.

கோவிட் ஓய்ந்து, பள்ளிக்கூடங்களில் முகக்கவசம் கட்டாயம் இல்லை என்று ஆன சமயத்தில் குணசேகரன் சார் வந்தார். முப்பத்தெட்டு வயது இருக்கும். பூச்சோங் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர். தெரிந்தவர்கள், மாணவர்களின் பெற்றோர் யாரும் பார்த்துவிடக்கூடாது என்று கிள்ளான் வரை வந்திருந்தார். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கவசம் போட்டிருந்தார். அதற்கு மேல் கையையும் வைத்துக்கொண்டுதான் பேசினார். அவர் பையிலிருந்து நாலு வகை வாய் கொப்பளிக்கும் மருந்து, மூன்று நாக்கு வழிப்பான், மிட்டாய் டப்பா, மற்ற கிளினிக்குகளில் கொடுத்த காகிதங்கள் அடங்கிய கோப்பு எல்லாம் வெளியே வந்தன.

கவசம் போட்டுப் பாடம் நடத்திய காலத்தில் ஒருநாள் தன் மூச்சே தனக்கு நாறியிருக்கிறது. அன்றிலிருந்து தொடங்கியது. ஒரு மாணவன் ஜன்னலைத் திறந்தால் தன்னால்தான். ஒரு பிள்ளை மூக்கைச் சொறிந்தால் தன்னால்தான். தலைமையாசிரியர் நாற்காலியை நகர்த்திப் போட்டால் அதுவும் தன்னால்தான். ஒரு கிளினிக்கில் கெஞ்சிக் கேட்டு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியும் போட்டிருந்தார். வேலையை விடுவதற்குக் கடிதம் தட்டச்சு செய்து வைத்திருந்தார். கூட வந்திருந்த அவர் மனைவி ஷாமினி ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்: "மகளுக்கு நாலு வயசு டாக்டர். ஒரு வருஷமா அவளை மடியில வச்சுக்கவே இல்ல."

முறைப்படி சோதனை செய்தோம். வாயைத் திறந்ததும் டாக்டர் முதலில் பார்த்தது நாக்கை. சுரண்டிச் சுரண்டி ரத்தம் கசிந்திருந்தது. அழுத்தித் தேய்த்ததில் ஈறு தேய்ந்து பல்லின் வேர் தெரிந்தது. கரண்டி, நூல், மூக்கு எல்லாம் பார்த்தோம். இரண்டு தாளையும் பிரித்தார். இரண்டிலும் பூஜ்யம்.

நாற்காலியை நிமிர்த்தி, கையுறையைக் கழற்றி, கவசத்தைக் கழற்றி, முக்காலியில் உட்கார்ந்து, "இல்ல சார். உங்க வாயில வாடை இல்ல" என்றார் டாக்டர்.

குணசேகரன் சார் எழுந்துவிட்டார். "நீங்களும் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஒருத்தர்கூட உண்மையைச் சொல்ல மாட்டேங்கறீங்க."

"நான் இருக்கறவங்ககிட்ட இருக்குன்னு சொல்றவ. இந்த லலிதாவைக் கேளுங்க."

அவர் என்னைக் கேட்கவில்லை. கோப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாள் கழித்துத் தனியாக வந்தார். நோன்பு மாதம் தொடங்கியிருந்தது. இந்தத் தடவை உட்காரவே இல்லை. "கீழ்வரிசையில ரெண்டு பல்லை எடுத்துடுங்க டாக்டர். நான் கையெழுத்துப் போட்டுத் தரேன். நீங்க எடுக்கலன்னா வேற எடத்துல எடுப்பேன்."

நல்ல பற்கள் அவை. ஒரு சொத்தைகூட இல்லை. முடியாது என்று சொன்னால் வேறு எங்காவது போய் எடுத்துக்கொள்வார் என்பது எனக்கே தெரிந்தது. டாக்டர் அவசரப்படாமல் கேட்டார்: "சார், நாங்க சொல்றதை நீங்க நம்பல. சரி. என்ன செஞ்சா நம்புவீங்க?"

அவரிடம் யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. நிதானமாகச் சொன்னார்: "மோந்து பார்க்கறவங்களுக்கு அது நான்தான்னு தெரியக்கூடாது. தெரிஞ்சா பரிதாபப்படுவாங்க."

"செய்யலாம். எந்த நேரத்துல உங்களுக்கு ரொம்ப மோசமா இருக்கும்?"

"மத்தியானம். ஸ்கூல் முடிஞ்ச பிறகு. ரெண்டு மணிக்கு."

"அப்ப நாளன்னைக்கு ரெண்டு மணிக்கு வாங்க. பல்லு விளக்காம, வாய் கொப்பளிக்காம வாங்க."

அந்த இரண்டு நாளில் டாக்டர் ஒரு திரை தயாரித்தார். வரவேற்பறையில் பிள்ளைகளுக்கான பல் துலக்கும் படம் ஒட்டிய பெரிய பலகை ஒன்று இருந்தது. அதில் ஓட்டை போட்டு, ஒன்றரைச் சாண் நீளப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகினார். ஒவ்வொருவருக்கும் புதுக் குழாய் மாற்ற முடிகிற மாதிரி. திரைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்: குணசேகரன் சார், டாக்டர், வரவேற்பில் இருக்கும் மே லிங். இந்தப் பக்கம் நான் ஒருத்தி. ஒவ்வொருவரும் இரண்டு தடவை, மொத்தம் ஆறு மூச்சு. யார் எப்போது ஊதுவது என்பதைக் குணசேகரன் சாரே சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்து, தன் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். யாரும் வாய் திறந்து பேசக்கூடாது, இருமக்கூடாது. மேசையில் இரண்டு தட்டு தட்டினால் நான் குழாய்க்குப் பக்கத்தில் மூக்கை வைக்க வேண்டும்.

தொடங்குவதற்கு முன் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "லலிதா, எது வருதோ அதையே எழுது. அவருக்காகவும் எழுதாதே, எனக்காகவும் எழுதாதே. அவர்கிட்ட உண்மையிலேயே இருந்து நாம ரெண்டு பேரும் தவறவிட்டிருந்தா, இன்னைக்குத் தெரிஞ்சுக்கலாம்."

இத்தனை வருடத்தில் என் மூக்கை நம்பி ஒருவருடைய வாழ்க்கை இப்படி நின்றதில்லை. தட்டு கேட்டது. முதல் மூச்சு. ஒன்றுமில்லை. பூஜ்யம் எழுதினேன். இரண்டாவது மூச்சில் நாற்றம் இருந்தது. நன்றாகவே இருந்தது. காய்ந்த, புளித்த வாடை. இது அவராக இருக்கக்கூடாதே என்று நினைத்தேன். பேனா பூஜ்யத்துக்குப் போகப் பார்த்தது. டாக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டு மூன்று என்று எழுதினேன். மூன்றாவதில் லேசாகச் சாப்பாட்டு வாடை. ஒன்று. நாலாவதில் மறுபடி அந்தப் புளித்த வாடை. மறுபடி மூன்று. ஐந்தாவது பூஜ்யம். ஆறாவது ஒன்று.

திரையை நகர்த்தினார்கள். என் தாளைக் குணசேகரன் சார் கையில் கொடுத்தேன். அவர் தன் சீட்டையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மொத பூஜ்யம் நான்" என்றார். "அஞ்சாவதும் நான்."

"மூணு யாரு?" என்றார் டாக்டர்.

அவர் தாளை டாக்டர் பக்கம் திருப்பினார். நான் மூன்று போட்ட இரண்டு மூச்சும் டாக்டருடையவை.

எனக்கு ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. இத்தனை வருடம் சோறு போட்ட டாக்டரின் வாய்க்கு மூன்று போட்டிருக்கிறேன். டாக்டரோ சிரித்தார். அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது இரண்டு மூன்று தடவைதான்.

"நோன்பு வாய் சார். விடியக்காலையிலேருந்து பச்சைத் தண்ணி படல. எனக்கு முன்னாடியே தெரியும், லலிதா சரியா கண்டுபிடிப்பாளான்னுதான் பார்த்தேன்." பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தார். "முந்தாநாளும் நோன்புதான். இதே மாதிரி பக்கத்துல இருந்துதான் உங்ககிட்ட பேசினேன். நீங்க மூக்கைப் பொத்தினீங்களா?"

"இல்ல டாக்டர். எனக்குத் தெரியவே இல்ல."

"ஒரு அடியாவது பின்னால நகர்ந்தீங்களா?"

"இல்ல."

"முப்பது வருஷமா நோன்பு மாசத்துல ஆளுங்க முகத்துக்கு நேரா குனிஞ்சு வேலை பார்க்கறேன். நான் வேலையை விட்டுடணுமா சார்?"

குணசேகரன் சார் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அழுகையாக மாறியது. மே லிங் காகிதக் கைக்குட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போனாள். இதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். கதையாக இருந்திருந்தால் முடிந்திருக்கும். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நான் நம்பறேன் டாக்டர். தாள்ல இருக்கு. ஆனா இப்பவும் எனக்கு நாறுது. இந்த நிமிஷம் நாறுது."

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் ஏமாற்றமடைந்த மாதிரி தெரியவில்லை. இந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவர் மாதிரி இருந்தார்.

"தெரியும் சார். நீங்க பொய் சொல்லல. பல்லை எடுத்த பிறகும் அந்தப் பல்லு வலிக்குதுன்னு எங்கிட்ட வருவாங்க. அங்க பல்லே இருக்காது. ஆனா வலி நிஜம். எடுக்கறதுக்கு அங்க பல்லு இல்லாததால, நான் இடுக்கியைத் தூக்கிட்டு வந்து பிரயோஜனம் இல்ல. உங்களுக்கும் அப்படித்தான். வாடையை உணர்றது மூளை. அது அந்த வாடையிலேயே மாட்டிக்கிச்சு. அதைச் சரி பண்றதுக்குப் படிச்ச டாக்டர் இருக்காங்க."

"மனநோய் டாக்டரா? எனக்குப் பைத்தியம்னு சொல்றீங்களா?"

"பைத்தியத்துக்கு இப்படிச் சோதனை வைக்கத் தெரியுமா? இந்தச் சோதனையை யோசிச்சதே நீங்கதானே. எனக்கு இது தோணவே இல்ல."

அந்த இடத்திலேயே தன் கையால் கடிதம் எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டு, ஒரு சொல்லை அவர் மாற்றச் சொன்னதும் மாற்றினார். மனநல மருத்துவரை அவர் எதிரிலேயே தொலைபேசியில் அழைத்து நேரம் வாங்கினார். கடைசியாக, "மாசம் ஒரு தடவை இங்கயும் வாங்க. ஈறையும் நாக்கையும் ஆற வைக்கணும். ஆனா இனிமே நாங்க யாரும் மோந்து பார்க்க மாட்டோம். கேட்டாலும் மாட்டோம்" என்றார்.

அது எனக்குக் கொடுமையாகப்பட்டது. ஒரு தடவை மோந்து பார்த்து "இல்ல சார்" என்றால் அந்த மனுஷனுக்கு நிம்மதிதானே என்று அவர் போன பிறகு டாக்டரிடம் கேட்டேன். "நிம்மதி ஒரு மணி நேரம் இருக்கும். அப்புறம் இன்னொரு தடவை வேணும். தாகத்துக்கு உப்புத் தண்ணி குடுக்கற மாதிரி" என்றார்.

மூன்றாவது மாதம் அது எனக்கே சோதனையாக வந்தது. மதியம் சாப்பாட்டுக்காகக் கீழே இறங்கினேன். படிக்கட்டில் குணசேகரன் சார் உட்கார்ந்திருந்தார். அன்று அவருக்கு அப்பாயின்ட்மென்ட் இல்லை. நாளைக்குப் பெற்றோர் சந்திப்பு நாள் என்றும், நாற்பது பெற்றோரிடம் பேச வேண்டும் என்றும் சொன்னார். ஒரே கவசம்தான் போட்டிருந்தார். அதையும் கழற்றினார்.

"லலிதாக்கா, ஒரே ஒரு தடவை. டாக்டர்கிட்ட சொல்ல மாட்டேன். நீங்க இல்லன்னு சொன்னீங்கன்னா போதும், நாளைக்குப் போயிடுவேன்."

சுற்றிலும் யாரும் இல்லை. ஒரு விநாடிதான் ஆகும். அவர் கண்ணைப் பார்த்தபோது என் வாய் வரை அந்தச் சொல் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"முடியாது சார்" என்றேன். "ஆனா எனக்குச் சாப்பிட இன்னும் நேரம் இருக்கு. இங்கேயே உக்காந்துக்கறேன். உங்க பிள்ளைங்களப் பத்திச் சொல்லுங்க. கிளாஸ்ல யாரு வாலு?"

அவர் பக்கத்தில், அதே படியில், தோளுக்குத் தோள் உட்கார்ந்தேன். முதலில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் பேசினார். பெருக்கல் வாய்ப்பாட்டைப் பாட்டாகப் பாடும் ஒரு பையனைப் பற்றிச் சொல்லும்போது என் பக்கம் திரும்பிவிட்டார். நான் ஒரு இன்ச்கூட நகரவில்லை. அரை மணி நேரம் போனது. வாடையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் ஷாமினி குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார்: "முப்பத்தொரு பேரிடம் பேசினார். மீதிப் பேர் வரவில்லை."

நடந்ததை டாக்டரிடம் சொன்னேன். அவர் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டே, "நானா இருந்தா ஒருவேளை மோந்து பார்த்திருப்பேன்" என்றார். அது உண்மையில்லை. ஆனாலும் அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்னும் பத்து வருடம் வேலை செய்திருப்பேன்.

மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரை, வாராவாரம் பேச்சு, செய்து பார்க்கச் சொன்ன பயிற்சிகள் என்று ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. முதலில் வீட்டில் கவசத்தைக் கழற்றினார். பிறகு கடைசி பெஞ்சுக்குப் பாடம் சொல்லும்போது. பிறகு முன் பெஞ்சுக்கு. நடுவில் இரண்டு தடவை மறுபடி இரட்டைக் கவசத்தோடு வந்தார். டாக்டர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஈறைப் பார்த்தார், ஆறிவருகிறது என்றார், அடுத்த மாதம் வரச் சொன்னார். வேலையை விடும் கடிதத்தைக் கிழித்துவிட்டதாக ஒருநாள் குணசேகரன் சாரே சொன்னார். இன்னும் வாடை வருகிறதா என்று ஷாமினி கேட்டாராம். "எப்பவாவது வருது. வரட்டும். அதுக்காக நான் எந்திரிச்சுப் போறதில்ல" என்றாராம்.

யோகேஸுக்கு நான் சொல்வது இதுதான். கருவி நல்லது. என் மூக்கைவிடத் துல்லியமாகவே இருக்கலாம். ஆனால் பூஜ்யம் காட்டியதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதே. கோபித்துக்கொண்டு போன அந்த ஆளின் எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிடு. "நீங்க பொய் சொல்லலன்னு எங்களுக்குத் தெரியும், வந்து பேசுங்க" என்று சொல். டாக்டர் மும்தாஜ் இன்னும் வாரத்தில் மூன்று நாள் வருகிறார். அவரிடம் அனுப்பு.

போன தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை லிட்டில் இந்தியாவில் குணசேகரன் சார் குடும்பத்தைப் பார்த்தேன். ஸ்பீக்கரில் பாட்டு அலற, ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காத கூட்டம். கவசம் இல்லை. மகள் வளர்ந்திருந்தாள், அப்பா இடுப்பில் தொற்றிக்கொண்டு மத்தாப்பூ கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் அவள் முகத்துக்கு நேராக வாயை வைத்து ஏதோ பதில் சொன்னார். அவள் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினாள்: "அப்பா, நாத்தம்!"

நான் நடந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். ஷாமினியும் சட்டென்று திரும்பினார்.

"ஆமாடி" என்றார் குணசேகரன் சார். "வெங்காய வடை தின்னேன். இந்தா, உனக்கும் கொஞ்சம்" என்று அவள் மூக்கில் நன்றாக ஊதினார். அவள் அலறிச் சிரித்து, தலையை அவர் தோளில் புதைத்து, மறுபடி நிமிர்ந்து முகத்தை நீட்டினாள்.

"இன்னொரு தடவை ஊதுங்கப்பா."